மூன்றாவது பாட்டுக்கு மாவு விறைக்கும்

தூத்துக்குடிக்குத் தெற்கே, ஒரு பக்கம் கடலும் மூன்று பக்கம் உப்பளமுமாகக் கிடக்கிற சின்னத்தருவை என்கிற ஊரில் தேங்காய் எண்ணெய் எந்தக் காலத்திலும் உறைந்ததில்லை. மார்கழியில் உறைந்ததில்லை, தை மாதத்தில் உறைந்ததில்லை, புயல் வந்து நாலு நாள் வெயிலே அடிக்காத வருஷத்திலும் உறைந்ததில்லை. அப்படிப்பட்ட ஊரில், சித்திரை மாதத்து உச்சி வெயிலில், மெல்பா வீட்டு அலமாரியில் இருந்த எண்ணெய் பாட்டில் வெள்ளை மெழுகாக இறுகிப்போனது. அதற்குக் காரணம் ஒரு சிடி. சுற்றி வளைத்துச் சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

அந்த சிடியில் இருந்தவை பனிக்கல்லறை என்கிற பேண்டின் ஒன்பது பாட்டுகள். பனிக்கல்லறை இப்போது கிடையாது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நாலு வருஷம் இருந்தது, பதினொரு கச்சேரி செய்தது, அதில் ஏழில் பாதியிலேயே கரண்ட்டைப் பிடுங்கிவிட்டார்கள். அவர்கள் வாசித்தது டூம் மெட்டல், அதாவது சவ ஊர்வலம் போகிற வேகத்தில் வாசிக்கிற கனத்த ராக் இசை; கிட்டார் துருப்பிடித்த கேட்டை இழுக்கிற மாதிரி இழுக்கும், டிரம்ஸ் ஒரு அடி அடித்துவிட்டு அடுத்த அடி தேவையா என்று யோசிக்கும், ஒருவன் கிணற்றுக்குள்ளிருந்து உறுமுவான், ஒருத்தி பூசையில் பாடுகிற குரலில் அதற்கு மேலே பாடுவாள். கிட்டார் வாசித்துக்கொண்டே உறுமியவன் கிளீட்டஸ். பாடியவள் மெல்பா. கீபோர்டும் அவள்தான், வரிகள் எழுதியதும் அவள்தான்.

எல்லா வரியிலும் பனி வரும். பனிக்காடு, பனிமலை, பனி மூடிய கல்லறை, என்மேல் பெய்யும் பனியே. நாலு பேரில் ஒருவரும் அந்தப் பனியைப் பார்த்ததில்லை, பார்த்ததெல்லாம் வெளிநாட்டு கேசட் அட்டைகளில்தான். ஊருக்குத் தெரிந்த பனி வேறு; அது விடிகாலையில் இறங்கும், தலையில் துண்டு கட்டாமல் போனால் சளி பிடிக்கும், அதற்கு மேல் அதற்கு ஒரு அதிகாரமும் கிடையாது. அதனால்தான் மாதா கோயில் திருவிழாவில் மெல்பா கண்ணை மூடிக்கொண்டு 'பனியே, என்னைப் புதைத்துவிடு' என்று பாடியபோது முன்வரிசையில் ஒருவர் எழுந்து, "ஏ பிள்ள, பனியில நிக்காத, வேது பிடி, சரியாப் போவும்" என்று சொன்னார், கூட்டம் சிரித்த சிரிப்பில் அந்தக் கச்சேரி அத்தோடு முடிந்தது. கேசட் அட்டைக்குப் பனி வேண்டுமென்று நாலு பேரும் கறுப்பு உடுத்திக்கொண்டு, மத்தியானம் ஒரு மணிக்கு, உப்பு அம்பாரத்தின் மேல் ஏறி நின்று போட்டோ எடுத்தார்கள். டிரம்ஸ் அடிக்கிற ஜோபாய் மயங்கி உருண்டு கீழே வந்தான். போட்டோவில் மூன்று பேர்தான் இருப்பார்கள்.

பிறகு ஜோபாய் கல்யாணம் செய்துகொண்டு மார்த்தாண்டம் போனான், பேஸ் கிட்டார் வாசித்த தனபாலன் மஞ்சள் காமாலையில் செத்துப்போனான், கிளீட்டஸ் கப்பல் வேலைக்குப் போனான். மெல்பா எங்கும் போகவில்லை. உப்புக் கம்பெனி எடைமேடையில் லாரிகளை எடை போடுகிற வேலைக்குப் போனாள், அம்மா போனாள், அப்பா போனார், நாற்பது வயசு வந்தது. அந்த நாலு வருஷம் நிஜமாக நடந்ததா என்று அவளுக்கே சந்தேகம் வர ஆரம்பித்தபோது, கட்டிலுக்கு அடியில் கிடந்த கேசட்டுகளை எடுத்து, எது எது தேறுமோ அதையெல்லாம் ஒரு சிடியில் ஏற்றினாள். உப்புக்காற்று தின்ற நாடாக்கள். ஒவ்வொன்றும் ஒரு தடவை ஓடி, ஒரு பாட்டைக் கொடுத்துவிட்டு அறுந்து விழுந்தது. ஒன்பது பாட்டு தேறியது. சிடியின் மேல் 'பனிக்கல்லறை, மொத்தம்' என்று மார்க்கர் பேனாவால் எழுதினாள். போட்டாள். எண்ணெய் உறைந்தது.

பக்கத்து வீட்டு அமலோற்பவம்தான் முதலில் கண்டுபிடித்தது. தலைக்கு எண்ணெய் கேட்டு வந்தவள் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தாள், சுவரைத் தொட்டுப் பார்த்தாள், பாடிக்கொண்டிருந்த ஸ்பீக்கரைப் பார்த்தாள், வீட்டுக்குப் போய் இட்லி மாவுப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஏ மெல்பா, இது இங்கன இருக்கட்டும். வெயிலுக்கு அரைச்ச அன்னிக்கே புளிச்சுப் போவுது."

"கூத்து பாக்கதுக்கு வந்தீங்களா, பாட்டு கேக்கதுக்கு வந்தீங்களா அக்கா?"

"மாவு வைக்கதுக்கு வந்தேன்."

அதற்குப் பிறகு ஊருக்கு ஒரு வாரம்கூடத் தேவைப்படவில்லை. முதல் பாட்டுக்கு ஃபேனை நிறுத்தலாம். இரண்டாவது பாட்டுக்கு மாவு புளிக்காது, பால் திரியாது. மூன்றாவது பாட்டுக்கு மாவு விறைக்கும், அதனால் மாவுக்காரிகள் மூன்றாவது பாட்டுக்கு முன்னால் பானையைத் தூக்கிவிட வேண்டும், இறால்காரர்கள் அப்போதுதான் கூடையை உள்ளே கொண்டுவர வேண்டும். நாலாவது பாட்டுக்கு வாயிலிருந்து புகை வரும், அதற்குப் பிள்ளைகள் வருவார்கள், பீடி குடிக்கிற மாதிரி ஊதிக் காட்டிவிட்டு ஓடுவார்கள். பூக்கட்டுகிறவர்கள் வந்தார்கள், காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மார் வந்தார்கள், வேனல் கட்டி வந்த போஸ்ட்மேன் வந்தார். "மெல்பா, ரெண்டுல வை", "மெல்பா, மூணு போதும்", "ஏ பிள்ள, நாலு வரைக்கும் போவாத, மல்லிப்பூ கருகிரும்." பாட்டுகளுக்குப் பெயர் இருந்தது. ஒவ்வொரு பெயரையும் அவள் ராத்திரி பகலாக யோசித்து வைத்திருந்தாள். ஒருத்தரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

ஐஸ் பிளான்ட்காரர் காப்பி எடுக்க முயன்றார். கம்ப்யூட்டரில் போட்டார், கம்ப்யூட்டர் விறைத்து நின்றது, எடுத்ததும் சரியானது, மறுபடி போட்டார், மறுபடி விறைத்தது. ஆக உலகத்தில் இருந்தது அந்த ஒரே ஒரு சிடிதான்.

எல்லாரையும்விட அதிகமாகக் கேட்டவர் மரியசெல்வம் வாத்தியார். அவர் செத்துப்போயிருந்தார். மகன் மஸ்கட்டிலிருந்து வருகிற வரைக்கும் அவரை மெல்பா வீட்டுக் கூடத்தில் பெஞ்சில் கிடத்தி, ஐந்தாவது பாட்டை மட்டும் ஒன்றரை நாள் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அழ வந்தவர்கள் ஐந்து நிமிஷம் அழுதுவிட்டுப் பல் கிட்டிப்போய் வெளியே வெயிலுக்கு ஓடினார்கள். மெல்பா மட்டும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். இந்தப் பாட்டு நான் பிளஸ் டூவில் எழுதினது சார், நீங்க நடத்தின வகுப்பிலதான் எழுதினேன், இந்த இடத்துல கிளீட்டஸ் உறுமுறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு எடுப்பான் பாருங்க, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று சொன்னாள். வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை.

ஆறாவது பாட்டுக்குக் குழாயில் தண்ணீர் நிற்கும். ஏழாவது பாட்டுக்குக் கூடத்தின் விட்டத்திலிருந்து வெள்ளையாக என்னவோ உதிரும். எட்டாவது பாட்டுக்குக் கண்ணாடி டம்ளர் தானாக விரிசல் விடும். ஒன்பதாவது பாட்டு வரைக்கும் மெல்பாவைத் தவிர யாரும் இருந்ததில்லை. அவளுக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டால், "அவ எழுதின பாட்டு அவளயே கொல்லுமாக்கும்" என்று அமலோற்பவம் சொல்வாள், அதோடு எல்லாரும் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

நாலு மாத காலம் வீடு நிறைய ஆள் இருந்தது. மெல்பா அதற்கு முன்னால் இவ்வளவு தனியாக இருந்ததே இல்லை.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கப்பல் எங்கேயோ துறைமுகத்தில் நின்றதால் கிளீட்டஸ் போன் பண்ணினான். பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு நம் பாட்டு எல்லாம் ஒன்றாக இருக்கிறது, கேள் என்று சொல்லி, மெல்பா போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்து முதல் பாட்டைப் போட்டாள். பாட்டு முடிந்ததும் போனைக் காதில் வைத்தாள். கிளீட்டஸ் யாரிடமோ, நேற்றைக்குச் சாப்பாட்டில் கோழி வெந்ததா வேகவில்லையா என்று பேசிக்கொண்டிருந்தான்.

"கிளீட்டஸ்."

"ஆங் மெல்பா, சூப்பர், சூப்பர். நம்ம தனபாலன் என்னமா டிரம்ஸ் அடிச்சிருக்கான்!"

தனபாலன் வாசித்தது பேஸ், டிரம்ஸ் அடித்தது ஜோபாய். மெல்பா போனை வைத்தாள். இரண்டு ஸ்பீக்கரையும் ஒவ்வொன்றாகச் சுமந்து மாடிக்குக் கொண்டுபோனாள், உப்பளத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தாள், சத்தத்தைத் திருகினாள், திருகு நிற்கிற இடம் வரைக்கும் திருகினாள், முதலிலிருந்து கடைசி வரைக்கும் ஒன்பது பாட்டையும் போட்டுவிட்டு, மொட்டை மாடியில் மல்லாந்து படுத்துக்கொண்டாள். ஊர் கதவை அடைத்துக்கொண்டது. வானம் தகரம் மாதிரி ஆனது. பாத்தி பாத்தியாகக் கிடந்த உப்பளம் முழுவதும் சாயங்காலம் வரைக்கும் வெள்ளையாகப் பெய்துகொண்டே இருந்தது.

திங்கட்கிழமை விடிந்ததும் அளத்துக்கு வேலைக்குப் போனவர்கள் பார்த்தார்கள். பாத்தி எல்லாம் வெள்ளை, வரப்பு எல்லாம் வெள்ளை, ஒரு மாதம் விளைய வேண்டியது ஒரே நாளில் விளைந்து கிடந்தது. வெள்ளையாக இருந்தால் அது உப்பு, அதை வார வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். பலகை போட்டு வாரினார்கள், பெட்டியில் சுமந்தார்கள், அம்பாரமாகக் குவித்தார்கள், மேலே கீற்று போட்டு மூடினார்கள், மூட்டையும் கட்டினார்கள். இன்னிக்கு என்ன உப்பு இப்படிச் சில்லுன்னு இருக்கு என்று ஒருத்தி கேட்டதற்கு, "பேசாம வாரு, மொதலாளி பாத்தா ஐஸ் உப்புன்னு வெலைய ஏத்திருவான்" என்று கங்காணி தங்கமாரியப்பன் சொன்னார். முதல் லாரி எடைமேடைக்கு வந்தது. மெல்பா ஒரு மூட்டையின் வாயைப் பிரித்து உள்ளே கையை விட்டாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. கேசட் அட்டையில் பார்த்தது, ஒன்பது பாட்டில் எழுதினது, இருபது வயசில் கறுப்புச் சட்டையோடு வெயிலில் நின்று ஏங்கினது இப்போது விரலிடுக்கில் கரைந்துகொண்டிருந்தது. இது உப்பு இல்லை என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எடை போட்டு அனுப்பிவிட்டாள்.

லாரி தூத்துக்குடி போய்ச் சேர்ந்தபோது அதில் நனைந்த சாக்குகள் மட்டும் இருந்தன. அம்பாரம் இருந்த இடத்தில் கீற்று மட்டும் தரையில் கிடந்தது. மோசமானது அது இல்லை. உருகிய தண்ணீர் பாத்தியில் விளைந்து நின்ற நிஜ உப்பையும் கரைத்துக்கொண்டு போய்விட்டது. ஐந்து நாள் வேலை இல்லை. ஐந்து நாள் வேலை இல்லையென்றால் அந்த ஊரில் பாதி அடுப்பு எரியாது.

சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். ஒருவரும் மெல்பாவைத் திட்டவில்லை, அதுதான் அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

"மெல்பா, அந்தத் தட்டக் குடுத்துரும்மா," என்றார் தங்கமாரியப்பன். "மாவு புளிச்சா புளிச்சுட்டுப் போவுது. அளம் காயணும்."

"தாரேன். நானே உடைச்சுத் தாரேன்," என்றாள் மெல்பா. "ஒரே ஒரு ஆள், ஒண்ணாவது பாட்டுலேருந்து ஒன்பதாவது பாட்டு வரைக்கும் உக்காந்து கேக்கணும். கேட்டு முடிச்சதும் நான் ஒண்ணு கேப்பேன், அதுக்குப் பதில் சொல்லணும்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

கூட்டம் சிரித்தது. பாட்டு கேட்பது ஒரு வேலையா?

முதலில் ஐஸ் பிளான்டில் லோடு ஏற்றுகிற பிச்சையா வந்தான். குளிர் என் மச்சான் என்றான். ஜன்னல் கதவு எல்லாவற்றையும் சாக்கு வைத்து அடைத்து, சத்தத்தைக் குறைத்து வைத்து, மெல்பா பாட்டைப் போட்டாள். குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு பிச்சையா கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தான். எட்டாவது பாட்டு வரைக்கும் அசையவில்லை. மெல்பா நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள். எட்டு முடிந்ததும், "நாலாவது பாட்டு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். தோளைத் தட்டி மறுபடி கேட்டாள்.

"என்னக்கா?" என்று குல்லாயைத் தூக்கினான். இரண்டு காதிலும் பஞ்சு.

"எந்திரிச்சுப் போடா, மூதி."

அடுத்து உபதேசியார் இஞ்ஞாசி வந்தார். அவர் பஞ்சு வைக்கவில்லை, ஆனால் முதல் பாட்டில் கிளீட்டஸ் உறுமினதும் இது பேயின் குரல் என்று முடிவு செய்து, ஜெபமாலையை எடுத்து, பாட்டுக்கு மேலே சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்தார். பாட்டும் நிற்கவில்லை, அவரும் நிற்கவில்லை. ஆறாவது பாட்டில் மணிகள் விரலோடு ஒட்டிக்கொண்டு நகர மறுத்தன. போய்விட்டார். அதற்குப் பிறகு மூன்று நாள் யாரும் வரவில்லை.

நாலாவது நாள் காலையில் பேச்சிக்கனி வந்தாள். ஐம்பது வயசு, முப்பது வருஷமாக உப்பு வாருகிறவள், தலையில் துண்டு, காலில் அளத்துக்குப் போடுகிற ரப்பர் பூட்ஸ், தோளில் சாக்கு. மெல்பா எடைமேடையில் தினமும் பார்க்கிற முகம்தான், ஆனால் இரண்டு பேரும் ஒரு நாளும் பேசினதில்லை.

"போடு," என்று தரையில் உட்கார்ந்தாள்.

"குளிரும் அக்கா."

"உப்புத் தண்ணியில நின்னு நின்னு காலுக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. நீ போடு. எனக்கு அளம் காயணும்."

மெல்பா போட்டாள். பேச்சிக்கனி கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். கொஞ்ச நேரம் பொறுத்து, "இது எப்ப ஆரம்பிக்கும்?" என்றாள்.

"ஆரம்பிச்சு நாலு நிமிஷம் ஆச்சுக்கா."

"ஓகோ."

இரண்டாவது பாட்டு முழுவதும் கொட்டாவி விட்டாள். மூன்றாவது பாட்டில் கிளீட்டஸ் நீளமாக உறுமினபோது, "யாரு இது? வயித்துவலிக்காரனா?" என்று கேட்டாள்.

"கிளீட்டஸ்."

"நம்ம ஜெபமணி மவனா? நல்ல பையன்லா அவன்! என்ன கஷ்டமோ."

நாலாவது பாட்டில் வாயில் புகை வந்தது, அதைக் கையால் விலக்கிவிட்டுக் கேட்டாள். ஐந்தாவது பாட்டில் சாக்கை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். ஆறாவது பாட்டிலிருந்து ஒன்றும் பேசவில்லை, கிண்டல் இல்லை, கேள்வி இல்லை, கண்ணை ஸ்பீக்கரை விட்டு எடுக்கவில்லை. ஏழாவது பாட்டில் விட்டத்திலிருந்து உதிர ஆரம்பித்தது. நாக்கை நீட்டி ஒன்றைப் பிடித்துப் பார்த்தாள். "உப்பே இல்ல," என்றாள். எட்டாவது பாட்டில் அலமாரியில் டம்ளர் விரிசல் விட்டது. அவள் புருவம் வெள்ளையானது, துண்டு வெள்ளையானது, உதடு நீலமானது; போதும் அக்கா, எந்திரிச்சுப் போங்க, செத்திரப் போறீங்க என்று மெல்பா சொல்ல நினைத்தாள், ஆனால் சொல்லிவிட்டால் இவளும் போய்விடுவாளே என்கிற பயத்தில் சொல்லவில்லை. மெல்பா நல்லவள் இல்லை, அந்த நிமிஷத்தில் இல்லை. ஒன்பதாவது பாட்டு பதினாலு நிமிஷம். பதினாலு நிமிஷமும் இரண்டு பேரும் மூச்சை மட்டும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முடிந்தது. சிடி சுற்றி நின்றது.

மெல்பா கேட்பதற்காக ஒரு கேள்வி வைத்திருந்தாள், எட்டாவது பாட்டில் மணி எத்தனை தடவை அடித்தது என்று. அதற்குள் எதிரிலிருந்தே கேள்வி வந்தது.

"நான் ஒண்ணு கேக்கட்டா?" என்றாள் பேச்சிக்கனி. தாடை ஆடிக்கொண்டிருந்ததால் வார்த்தை துண்டு துண்டாக வந்தது. "கடைசிப் பாட்டுல, 'என்மேல் பெய்யும் பனியே, பனியே'ன்னு திரும்பத் திரும்பச் சொல்லுதல்லா. கடைசித் தடவ மட்டும் நீ பனின்னு சொல்லல. பசின்னு சொன்ன."

மெல்பா அவளையே பார்த்தாள்.

தூத்துக்குடியில் ஒரு மாடி அறையில் அந்தப் பாட்டை ரெக்கார்டு பண்ணின அன்றைக்குக் காலையிலிருந்து அவர்கள் குடித்தது ஆளுக்கு ஒரு டீ. பதினாலு நிமிஷப் பாட்டை ஏழாவது தடவையாகப் பாடிக்கொண்டிருந்தபோது கடைசி வரியில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. பாடுகிற அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். கிளீட்டஸ் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான், ஜோபாய் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான், தனபாலன் கண்ணை மூடியிருந்தான். யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தாள். திரும்பி வந்த பஸ்ஸில் காத்திருந்தாள். கேசட் வந்த பிறகு காத்திருந்தாள். பிறகு காத்திருக்கிறோம் என்பதையே மறந்துபோனாள்.

"தப்புதான் அக்கா," என்றாள். "வாய் தவறிப் பாடிட்டேன்."

"தப்பா? நீ பாடினதுல எனக்கு வெளங்குனதே அது ஒண்ணுதான்." பேச்சிக்கனி கையை ஊன்றி எழுந்தாள், பூட்ஸ் தரையோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் இரண்டு தடவை இழுக்க வேண்டியிருந்தது. "நீ என்னமோ கேக்கணும்னியே, கேளு."

"கேட்டாச்சு," என்றாள் மெல்பா.

சிடியை எடுத்து நீட்டினாள். நீயே உடை, அந்தப் பாவம் எனக்கு எதுக்கு என்று பேச்சிக்கனி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மெல்பா இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினாள். குளிர்ந்து கிடந்த சிடி அப்பளம் மாதிரி நொறுங்கியது. அடைத்திருந்த சாக்குகளை உருவினாள். வெயில் அவசரமே இல்லாமல் உள்ளே வந்தது, கூடத்தில் கிடந்த வெள்ளை எல்லாம் தண்ணீராகி வாசல் வழியே தெருவுக்குப் போனது.

தெருவில் ஊரே நின்றுகொண்டிருந்தது. "முடிஞ்சுதா?" என்றார் தங்கமாரியப்பன். முடிஞ்சுது என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு, பேச்சிக்கனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு, ஈர பூட்ஸ் சதக் சதக்கென்று சத்தம் போட, அளத்தைப் பார்க்க நடந்தாள். மெல்பா வாசற்படியில் நின்று அவள் போவதைப் பார்த்தாள். உடம்பு பூரா நடுங்கியது. இத்தனை நாள் வராத குளிர் இப்போதுதான் அவளுக்கு வந்தது.

தெருமுக்கில் பேச்சிக்கனி நின்றாள். திரும்பினாள்.

"ஏ மெல்பா!" என்று அங்கிருந்தே கத்தினாள். "அந்த ரெண்டாவது பாட்டுதான் ரொம்ப இழுவ! தாங்க முடியல!"

"அது இழுவையாத்தான் இருக்கும் அக்கா!" என்று மெல்பா திருப்பிக் கத்தினாள். "அது அப்படித்தான்!"